நாற்பத்தாறு

இரவு பதினொன்றே காலுக்கு
மலையேறத் தொடங்கிய வாக்கியம் இது:
"சாவி மேசை மேல இல்ல, ஆணியில மாட்டியிருக்கு."

மென்பொருளோடு வந்த மாதிரிக் குரல்
எந்த ஊரிலோ மழை என்று ஆங்கிலத்தில் சொன்னது.
அதை அழித்துவிட்டு மாதேசைப் பேசச் சொன்னேன்.
அன்று காலை மனைவியிடம் கத்தியதையே
கொஞ்சம் மரியாதையாகச் சொன்னான்.

அவன் செவ்வாய்ப்பேட்டை மாடியறையில்.
நான் ஏற்காட்டில், ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில்,
குளுக்கோஸ் பெட்டி மேல் லேப்டாப்.
நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவு,
பனி,
புதிதாய் வாங்கிய இரண்டு ரவுட்டர்.

நொடிக்கு ஐம்பது துண்டாக நறுக்கி
ஒவ்வொரு துண்டின் தலையிலும்
நாற்பத்தாறு என்று எழுதி அனுப்புகிறோம்.
நாற்பத்தாறு என்றால், வழி விடு.
அதே கம்பியில்
யாரும் பார்க்காத வீடியோக்களையும்
யாரும் திறக்காத கோப்புகளையும்
பொய்யாகப் பெருக்கித் தள்ளுகிறது மென்பொருள்.
எண்பது சதவீதம், தொண்ணூறு, தொண்ணூற்றைந்து.
இந்த நெரிசலில் நாற்பத்தாறு முந்த வேண்டும்.
அவ்வளவுதான் சோதனை.

கேட்பதற்குக் காது வேண்டியதில்லை.
மென்பொருளே கேட்டு ஐந்துக்கு மார்க் போடும்.
இரண்டரை மணிக்கு ஆறாயிரம் அழைப்பு,
சராசரி மூன்று புள்ளி ஒன்பது, தேர்ச்சி.
"முடிஞ்சுதுக்கா, தூங்குங்க" என்றான் மாதேசு,
நமுத்துப்போன தட்டுவடை செட்டை மென்றபடி.

தூக்கம் வரவில்லை.
ஹெட்போன் மாட்டி
பாஸான ஒன்றைத் திறந்து கேட்டேன்.

"சாவி மேசை மேல
ஆணியில மாட்டியிருக்கு."

இன்னொன்று.

"சாவி மேசை மேல"

"இல்ல" என்பது பன்னிரண்டு துண்டு.
கால் நொடிகூட ஆகாது.
மூன்றரை மார்க் வாங்கியிருந்தது அந்தப் பொய்.
திங்கட்கிழமையிலிருந்து இந்த வழியில்
சேலத்து டாக்டர் பேசுவார்.
இங்கே ஒருத்தி கையில் ஊசியோடு
"போடவா, வேண்டாமா" என்று கேட்டு நிற்பாள்.

தலையெழுத்தை யாராலும் அழிக்க முடியாது என்பார்கள்.
பதின்மூன்றாவது வளைவில், தகரப் பெட்டிக்குள்
பழைய சுவிட்ச் ஒன்று அழித்துக்கொண்டிருந்தது.
வந்த எண்ணையெல்லாம் பூஜ்ஜியமாக்கி
எல்லாரும் சமம், வரிசையில் வா, என்று.
வெளியாள் எழுதியதை நம்பாதே என்று
தொழிற்சாலையிலேயே அதற்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.
நல்ல புத்திதான்.
வாட்ச்மேன் பைக்கில் விடியற்காலை இறங்கிப் போய்
பனியில் விரைத்த விரலால் ஒரு வரி தட்டினேன்.
அந்தக் கட்டளையின் பெயரே
நம்பு.

மறுபடி ஓட்டிப் பார்த்ததில்
இல்ல வந்தது, எல்லாத் தடவையும் வந்தது.
அறிக்கையில் குறிப்புக்கென்று ஒரு சின்னப் பெட்டி உண்டு.
"இல்ல தொலைந்தது, கிடைத்தது" என்று எழுதினேன்.
இது என்ன அளவீடு என்று மேலாளர் கேட்கட்டும்.

நைட் டூட்டி முடிந்து
டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்த ரெஜினா கேட்டாள்:
"இனி மஸ்கட்லேர்ந்து அவரு பேசுனா
மூஞ்சி நிக்காம வருமா?"

அதற்கு நான் எண் எழுதவில்லை.
அது நாலாவது வரிசை,
முடிந்தால் பார்க்கலாம் என்கிற வரிசை.
டாக்டர் பேசும் நேரமெல்லாம்
அவள் புருஷன் வாய் திறந்தபடி உறைந்திருப்பான்.
அவனை அங்கே நிறுத்தியது நான்தான்.
"ராத்திரி ரெண்டு மணிக்கு மேல நல்லாயிருக்கும்" என்றேன்.
மஸ்கட்டில் பன்னிரண்டரை.
சோப்பு நுரையோடு விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள்.

எட்டே கால் பஸ்ஸில் இறங்கினேன்.
பதின்மூன்றாவது வளைவில்
மூச்சு வாங்கி ஏறி வந்த முட்டைக்கோசு லாரிக்காக
ஓரம் ஒதுங்கி நின்றது பஸ்.
மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு முதல் வழி.
தகரப் பெட்டியின் இடுக்கில் பச்சை விளக்கு
விட்டு விட்டு எரிந்தது.
பின்சீட்டில் ஒருவர் போனில் கத்திக்கொண்டிருந்தார்:
"இல்ல, இல்ல, அடிவாரம் வந்துட்டேன்."